ஸ்டிக்கருக்கு ஒரு சட்டம், சாக்கடைக்கு ஒரு சட்டம்

ஒரகடத்தில் ஒரு கார் முழுதாகி வெளியே வரும்போது அதன்மேல் எத்தனை இடங்களில் மை பதிந்திருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்கண்ணாடியின் ஓரம் முழுக்க ஓடும் கறுப்புப் பட்டை, அதன் விளிம்பில் சிறுத்துக்கொண்டே போகும் புள்ளிகள், பின்கண்ணாடியில் பனியை விரட்டும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் எல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் பதிப்பவை. பக்கத்துச் சுங்குவார்சத்திரம் வட்டாரத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் சர்க்கியூட் போர்டின்மீது சால்டர் பேஸ்ட்டைத் தகட்டுத் துளைகள் வழியாகத் தடவுகிறார்களே, அதுவும் இதே வித்தையின் இன்னொரு உருவம்தான். ஆனால் இவையெல்லாம் பெரிய மதில்களுக்குள், இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும் வேலைகள். கவலைப்பட வேண்டியது மதிலுக்கு வெளியே நடக்கும் வேலையைப் பற்றி.

‘தலைக்கவசம் அணிக’ என்ற மஞ்சள் பலகை, உதிரிபாகம் அடுக்கும் நீலப் பிளாஸ்டிக் கிரேட்டின்மேல் கம்பெனிப் பெயர், ஒப்பந்தத் தொழிலாளியின் டி-சர்ட் முதுகில் ஏஜென்சி முத்திரை, எர்த்திங் குழி எண், தீயணைப்பானில் ஒட்டும் தேதி ஸ்டிக்கர், ஆயுத பூஜைக்குக் கொடுக்கும் துணிப்பை. இவை 50, 200, 500 என்ற எண்ணிக்கையில்தான் கேட்கப்படும். பெரிய அச்சகம் இதற்கு வாயைத் திறக்காது. ஸ்ரீபெரும்புதூர் பஜார், சுங்குவார்சத்திரம், படப்பை, வாலாஜாபாத் சாலை எனச் சிதறிக் கிடக்கும் ஒற்றை ஷட்டர் கடைகள்தான் மாலைக்குள் முடித்துக் கொடுக்கும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ புறப்பட்ட காலம் தொடங்கி, 2010இல் ரெனோ-நிசானும் 2013இல் ராயல் என்ஃபீல்டும் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கியதுவரை, ஒவ்வொரு ஆலையின் நிழலிலும் இப்படிப்பட்ட வேலை முளைத்தது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் கதவடைத்துப் போனது. சின்ன அச்சு வேலை அதற்குப் பிறகும் ஓடுகிறது.

இந்தக் கடைகளின் முன்பக்கம் அச்சு மேசையும் உலர்த்தும் ரேக்கும் இருக்கும். பின்பக்கத்தில், பெரும்பாலும் கழிப்பறை ஓரத்தில், ஒரு குழாய் இருக்கும். அங்கேதான் ஸ்கிரீன் கழுவுவார்கள்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாலியஸ்டர் வலைத்துணியைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். டி-சர்ட்டுக்கு இடைவெளி அதிகமான 43டி, ஸ்டிக்கருக்கு நெருக்கமான 120டி. அந்த எண், ஒரு சென்டிமீட்டரில் எத்தனை இழை என்பதைச் சொல்வது. துணிமேல் எமல்ஷன் பூசி, வெளிச்சம் படாமல் உலர்த்தி, கறுப்பாக உருவம் போட்ட பிலிமை ஒட்ட வைத்து விளக்கு காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகி அடைத்துக்கொள்ளும். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் நிற்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் இறுகாத பகுதி மட்டும் கரைந்து ஓட, உருவம் துணியில் திறந்துகொள்ளும். அந்தத் திறப்பின் வழியே ஸ்க்வீஜி என்ற ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் அச்சு ரெடி. 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்துணித் திரைக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. 1962இல் ஆண்டி வார்ஹோல் மர்லின் மன்றோவின் முகத்தை அடுக்கியதும் இந்தத் திறப்பின் வழியாகத்தான்.

ஆக, தண்ணீர் இல்லாமல் ஸ்கிரீன் இல்லை. அதுவும் ஒரு தடவையோடு முடிவதில்லை. உருவம் திறக்க ஒரு கழுவல். ஆர்டர் முடிந்த பிறகு அதே துணியை அடுத்த வேலைக்குத் தயாராக்க, இறுகிய எமல்ஷனை ரசாயனம் போட்டுக் கரைத்து எடுக்கும் இன்னொரு கழுவல். இரண்டாவது கழுவலில் மிச்ச மை, தின்னர், எமல்ஷன், கரைப்பான் எல்லாம் ஒன்றாகக் கலந்து இறங்கும்.

இதை முறையாகச் செய்யத்தான் வாஷ்அவுட் பூத். பின்னாலும் பக்கங்களிலும் சுவர், கீழே தட்டு, பின்னாலிருந்து விளக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் பூத்துகள் கெட்டியான பிளாஸ்டிக்கிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ செய்யப்பட்டவை; அவற்றின் விலை பல கடைகளின் அச்சு மேசை விலையையே தாண்டும். அதனால் நம் ஊர்க் கடைக்காரர் தானே ஒன்றைக் கட்டிக்கொள்கிறார். கட்டத் தெரிந்தவர்தான் அவர். பெயர்ப் பலகை வேலையில் மிஞ்சிய சன்போர்டும் ஏசிபி ஷீட்டும் அக்ரிலிக் துண்டும் அவரிடமே கிடக்கும். இரும்பு ஆங்கிளில் சட்டம், மூலைகளில் சிலிகான், கீழே ஒரு தட்டு, வேலை முடிந்தது.

இந்த வட்டாரத்தில் அதைவிடச் சுலபமான வழியும் உண்டு. ஆலைகளுக்கு எண்ணெயும் திரவ ரசாயனமும் வந்திறங்கும் 1,000 லிட்டர் வெள்ளைச் சதுரத் தொட்டிகள், இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்குமே, அந்த ஐபிசி டேங்குகள் பழைய பொருள் வியாபாரிகளிடம் அடுக்கிக் கிடக்கின்றன. ஒன்றின் முன்பக்கத்தை அறுத்து எடுத்தால் பாதி பூத் தயார். கூண்டே சட்டமாகிவிடும். அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர், ஆழம் 1 மீட்டர். 24க்கு 36 அங்குல ஸ்கிரீன் தாராளமாக நிற்கும். தொட்டியின் அடிப்பகுதி வடிவதற்காகவே லேசாகச் சரிந்திருக்கிறது, முனையில் வால்வும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட அழகு, அந்தப் பிளாஸ்டிக் பால்போல் ஒளியை ஊடுருவ விடும். பின்சுவருக்கு வெளியே எல்இடி பட்டையை ஒட்டினால், கழுவும்போது எந்தப் புள்ளி திறந்தது, எது இன்னும் அடைத்திருக்கிறது என்று உள்ளிருந்தே தெரியும். ஈரக்கையோடு நிற்கும் இடம் என்பதால் விளக்கு 12 வோல்ட்டாக இருக்கட்டும், பிரஷர் பம்ப் இணைப்புக்கு ஈஎல்சிபி கட்டாயம். சீக்கிரம் இறுகிவிடும் எமல்ஷனாக இருந்தால் மஞ்சள் விளக்கு நல்லது. டேங்கை இடுப்பு உயர மேடையில் ஏற்றிவிட்டால் முதுகும் பிழைக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த டேங்கில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்கக்கூடாது. அபாயகர ரசாயனம் இருந்த காலிக் கலன், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அதுவே ஒரு அபாயகரக் கழிவு. முறையாகக் கழுவித் தரும் உரிமம் பெற்றவரிடம் வாங்குவதுதான் சரி. மலிவு என்று கண்டதை அறுத்தால், தீப்பிடிக்க அறுக்கும் கிரைண்டர் பொறியே போதும்.

இந்த உள்ளூர் சாமர்த்தியத்தை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில், நல்ல சாய்வில் கழுவிய ஸ்கிரீனில் ஓரம் கூர்மையாக வரும். கழுவாமல் நின்ற எமல்ஷன் படலம் காய்ந்து துளையை அடைக்காது. ஒரே பிலிமுக்கு இரண்டு முறை ஸ்கிரீன் போடும் வீண்செலவு மிச்சமாகும். பூத் கட்டிய கடைக்காரர் அந்தக் காசை அச்சின் தரத்திலேயே திரும்ப எடுத்துவிடுவார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சுவர் உண்டு, விளக்கு உண்டு, தட்டு உண்டு. வால்வைத் திறந்தால் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகிறது. பூத்துக்கு அடிப்பகுதி இல்லை.

சாக்கடை என்பது இங்கே கடைசி நிறுத்தமும் இல்லை. இது ஏரிகளின் நாடு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிறைந்தால் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அது திறந்துவிடப்பட்டதைச் சென்னை மறக்காது. நல்ல மழையில் என்ன வருகிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள்; மழையில்லாத மாதங்களில் தெருவோரக் கால்வாய்களில் ஊறி இறங்குவதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அது நிலத்தடிக்குப் போய், அதே கடையின் போர்வெல்லிலேயே மேலே வரவும் கூடும்.

அந்தத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது? எல்லா எமல்ஷனும் ஒன்றில்லை. பூசும் பசை ஏறக்குறைய ஒன்றுதான். அதை வெளிச்சத்துக்கு இறுக வைக்கச் சேர்க்கும் சென்சிடைசரில்தான் வித்தியாசம். மூன்று வகை புழக்கத்தில் உண்டு. டயசோ ஒன்று. கலந்தே டப்பாவில் வரும் போட்டோபாலிமர் இன்னொன்று. மூன்றாவது, மூன்றிலும் பழையது, பைகுரோமேட். ஜெலட்டினோடு சேர்ந்த பைகுரோமேட் வெளிச்சத்தில் இறுகும் குணத்தை 19ஆம் நூற்றாண்டின் பாதியிலேயே போட்டோகிராபி முன்னோடிகள் கையாண்டார்கள். செம்மஞ்சள் நிறப் படிகம், சின்னப் பொட்டலம், மலிவு விலை. இன்றும் மலிவான எமல்ஷன்களோடு இதைக் கலக்குகிறார்கள். இதில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள். தோலில் பட்டால் ஆறாத புண்ணும் வரும். கையுறை போடாமல் கழுவுகிறவருக்கு அதுதான் முதல் ஆபத்து.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொட்டாசியம் பைகுரோமேட்டின் எடையில் 35 சதவீதம் குரோமியம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோல், ஒரு லிட்டரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. அப்படியானால் ஒரே ஒரு கிராம் பைகுரோமேட்டில் இருக்கும் குரோமியம், 7,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அம்மோனியம் பைகுரோமேட் என்றால் 8,000 லிட்டரைத் தாண்டும். சென்னையில் ஓடும் 9,000 லிட்டர் லாரி ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டு இறுகிய இடத்தில் குரோமியத்தின் பெரும்பகுதி மூன்று இணைதிற வடிவத்துக்கு மாறித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். மாறாமல், முழு விஷத்தோடு கழுவப்படுவது உருவத்தின் பகுதி. உருவம் பெரிதாக இருந்தால் ஓடுவதும் அதிகம்.

இது பயமுறுத்தச் சொல்லும் கணக்கு என்று நினைப்பவர்கள், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே மேற்கே கொஞ்ச தூரம் போய் ராணிப்பேட்டையில் இறங்கலாம். அங்கே 1970களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை இதே குடும்பத்து உப்புகளைத் தயாரித்தது. 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுவிட்டுப் போனது. சுற்றுவட்டார நிலத்தடி நீர் மஞ்சளானது. உலகின் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஒரு ஸ்கிரீன் கடையை அந்த மலையோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் ராணிப்பேட்டைக் குவியல் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதைச் சுற்றி வேலி போடலாம். கிராம் கணக்கில் ஊர் முழுக்கச் சிதறிப் போவதற்கு எங்கே வேலி போடுவது?

இப்போதுதான் கதையின் வினோதமான பகுதி. இந்தத் தொழில் வழித்தடத்தின் பெரிய ஆலைகளுக்கு ஆறு இணைதிற குரோமியம் என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். ஐரோப்பாவுக்கு விற்கும் எலெக்ட்ரானிக்ஸ் பொருளில் அது 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற ஆர்ஓஎச்எஸ் விதி 2006 ஜூலையிலிருந்தே நடப்பில் இருக்கிறது. 2012இல் அமலுக்கு வந்த இந்திய மின்னணுக் கழிவு விதிகளும் அதே எல்லையை வைத்தன. காரில் அதைத் தவிர்க்கச் சொல்லும் ஐரோப்பிய உத்தரவு 2000ஆம் ஆண்டினது. ஆகவே இங்குள்ள கொள்முதல் துறைகள் ஸ்டிக்கர் கொடுக்கும் கடைக்காரரிடமும் படிவத்தை நீட்டுகின்றன. ‘எங்கள் மையிலும் பசையிலும் ஆறு இணைதிற குரோமியம் இல்லை’ என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். பொய்யில்லை, ஸ்டிக்கரில் அது இல்லைதான். அந்த ஸ்டிக்கரை அடித்த ஸ்கிரீனைக் கழுவிய தண்ணீரில் இருந்திருக்கலாம். அது காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. ஸ்டிக்கர் மட்டும் சுத்தமாக ஜெர்மனிக்குப் போனது.

இதே ஐரோப்பா தன் மண்ணில் பைகுரோமேட் உப்புகளுக்கு 2017 செப்டம்பரில் கெடு வைத்தது. அதற்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் அங்கே பயன்படுத்த முடியாது. தங்கள் சாக்கடையையும் சேர்த்துக் காப்பாற்றும் சட்டம் அது. நம்மிடம் வந்து சேர்ந்தது பொருளைக் காப்பாற்றும் பாதி மட்டும்.

‘நிலைத்தன்மை அறிக்கை’ என்று வழவழப்பான காகிதத்தில் வருவதெல்லாம் இதைப் பிடிக்காதா என்று கேட்கலாம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைச் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் சப்ளையர்களைப் பற்றியும் சொல்லும் பகுதி உண்டு. ஆனால் கொள்முதலில் 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள சப்ளையர்களைச் சொன்னால் போதும். ஒரு கார் கம்பெனியின் கொள்முதலில் 2 சதவீதம் என்பது மலைக்க வைக்கும் தொகை. சுங்குவார்சத்திரத்து ஸ்டிக்கர் கடை ஏழு பிறவி எடுத்தாலும் அந்த எல்லையைத் தொடாது. செபியைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த வலை பெரிய மீனுக்காகப் பின்னியது.

சரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ன செய்கிறது? மத்திய வாரியம் 2016இல் தொழில்களை நிறவாரியாகப் பிரித்தபோது சில்க் ஸ்கிரீன் பிரிண்டிங்கை ஆரஞ்சு வரிசையில் வைத்தது. அதாவது ஏட்டளவில் அனுமதி தேவைப்படும் தொழில் என்பது அரசுக்கே தெரியும். ஒரு மேசை, இரண்டு ஆள், ஒரு குழாய் உள்ள கடையை இதற்காகச் சோதனை போட்டுச் சீல் வைக்கலாம். வைத்தால் அந்தக் குழாய் பின்தெருவுக்கு நகரும், அவ்வளவுதான். அங்கே பூத்தும் இருக்காது, விளக்கும் இருக்காது.

கடைசி நாள்வரை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு திருப்பூரில் பார்த்துவிட்டது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயத்தில் ஊறிய பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே வீச்சில் நின்றன. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டுக்கான செலவைச் சாயக்காரர்கள் தலையில் சுமந்தார்கள், மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பனியனை வாங்கி விற்ற வெளிநாட்டுக் கடைகளின் விலைச்சீட்டில் அந்தச் செலவு பெரிதாக ஏறியதாகத் தெரியவில்லை. ஒரகடத்தில் அதே நாடகம் சின்ன அளவில் அரங்கேறக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் இங்கே தீர்வு அவ்வளவு விலை உயர்ந்ததில்லை. முதல் வேலை, பைகுரோமேட் பொட்டலத்தைக் கடையிலிருந்து வெளியே அனுப்புவது. ‘டயசோ விலை அதிகம்’ என்பது வழக்கமான பதில். டப்பா விலையைப் பார்த்தால் உண்மை. ஆனால் பைகுரோமேட் கலந்த எமல்ஷன் இந்த வெயிலில் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. இருட்டில் வைத்தாலும் தானே இறுகும். மிச்சத்தைக் கொட்டித்தான் ஆக வேண்டும். டயசோ கலவை குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் நிற்கும், போட்டோபாலிமர் மாதக்கணக்கில். கொட்டியதையும் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் சுருங்கும்.

இரண்டாவது வேலை பூத்துக்கு அடிப்பகுதி போடுவது. வால்வுக்குக் கீழே மூன்று பேரல் வரிசையாக வைத்து, ஒன்றின் மேல்மட்டத்திலிருந்து அடுத்ததன் கீழ்மட்டத்துக்குக் குழாய் போட்டால் கனமான மையும் எமல்ஷன் துண்டும் முதல் இரண்டிலேயே தங்கும். வால்வின் வாயில் ஒரு வலைத்துணிப் பை. பழைய ஸ்கிரீன் துணியே போதும். பால்போல் கலங்கி நிற்பதற்குப் படிகாரம் போட்டால் திரண்டு இறங்க உதவும். தெளிந்த தண்ணீரை அடுத்த ஸ்கிரீனின் முதல் அலசலுக்குத் திருப்பலாம், லாரித் தண்ணீர் வாங்குகிறவருக்கு அது காசு. மையைக் கழுவி எடுக்கவே கூடாது: முதலில் டப்பாவுக்கே வழித்துப் போட வேண்டும், மிச்சத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். தின்னரும் சைக்ளோஹெக்சனோனும் பூத் பக்கமே வரக்கூடாது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு, மறைக்க வேண்டாம். கரைந்த குரோமியம் பேரலில் நிற்காது, துணியில் வடியாது, படிகாரத்துக்கும் பெரிதாக அசையாது. அன்னபேதி போட்டு அதை மூன்று இணைதிற வடிவத்துக்கு இறக்கி, சுண்ணாம்பு போட்டுப் படிய வைக்கலாம் என்பது வேதியியல் பாடம். பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் நடப்பது அதுதான். ஆனால் அமிலத்தன்மையை அளந்து பார்க்க ஆளில்லாத ஒற்றை ஷட்டர் கடையில் அந்த வித்தையை நம்பக்கூடாது. அதனால்தான் முதல் வேலை முடியாமல் இரண்டாவது வேலைக்குப் போவதில் அர்த்தமில்லை. பைகுரோமேட் கடையில் இருக்கும்வரை மூன்று பேரலும் கண்துடைப்புதான்.

டிஜிட்டல் பிரிண்டிங் வந்து இதையெல்லாம் விழுங்கிவிடும், எதற்கு இந்தப் பாடு என்று ஒரு கட்சி உண்டு. போட்டோவும் பல வண்ண பேனரும் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனால் வெயிலிலும் எண்ணெயிலும் வருடக்கணக்கில் அழியாமல் நிற்க வேண்டிய தடித்த மை, வளைந்த கிரேட், உலோகத் தகடு என்று வரும்போது ஆலைகள் திரும்ப ஸ்கிரீனுக்குத்தான் வருகின்றன. கைத்தொழில் போய்விடும் என்று ஆரூடம் சொல்லிக்கொண்டே சாக்கடையை மறக்கிற சொகுசு வேண்டாம்.

யார் செலவழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைக்காரருக்கு உபதேசம் செய்வது எளிது. ஒரு ஸ்டிக்கருக்குச் சில காசு குறைத்த வேறொரு கடைக்கு ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் அவர் இருக்கிறார். அந்தப் பயத்தை உண்டாக்கியது கொள்முதல் மேசை, நீக்க வேண்டியதும் அதே மேசை. ஏற்கெனவே இருக்கும் குரோமியப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: ஸ்கிரீன் தயாரிப்பிலும் பைகுரோமேட் இல்லை, கழுவும் இடத்தில் படிவுத் தொட்டி உண்டு. அந்த இரண்டு வரிக்குச் சம்மதிக்கும் கடைக்கு விலையில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும், பணத்தை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதியும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. 90 நாள் கடனில் ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு சுற்றுச்சூழல் உறுதிமொழி கேட்கும் கம்பெனிக்கு எந்தக் கடைக்காரரும் மனதார உண்மை சொல்லமாட்டார்.

அரசின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. ‘குறையும் இல்லை, கேடும் இல்லை’ என்ற பொருளில் மத்திய அரசு நடத்தும் ஜெட் சான்றிதழ் திட்டத்தில் குறுந்தொழிலுக்குச் சான்றுக் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம் உண்டு. சான்றிதழ் சுவரில் தொங்கும். பேரல் வாங்க அந்தப் பணம் உதவாது. அதற்குப் பதிலாக ஐபிசி டேங்க் பூத்துக்கும் மூன்று பேரல் தொட்டிக்கும் அளவோடு ஒரு வரைபடம் தமிழில் அச்சிட்டு, மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கடைகளுக்குக் கொடுக்கலாம். வட்டார ஐடிஐ வெல்டிங் மாணவர்களுக்கு அதையே பயிற்சி வேலையாகவும் வைக்கலாம்.

மிஞ்சுவது பேரலின் அடியில் கெட்டியாகும் கசடு. மையும் பசையும் கலந்த அதைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. மாநிலத்தின் அபாயகரக் கழிவுகளை வாங்கிப் பாதுகாப்பாகப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. ஆனால் ஒரு வாளிக் கசடுக்காக அவ்வளவு தூரம் எந்தக் கடைக்காரரும் போகப்போவதில்லை. ஒரகடம், வல்லம்-வடகால், பிள்ளைப்பாக்கம் சிப்காட் வளாகங்களில் ஏற்கெனவே கழிவை அனுப்பும் ஆலைகள் உண்டு. அந்த வளாகங்கள் ஒன்றில் ஒரு சேகரிப்பு மையம் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மினி லாரி படப்பையிலிருந்து சுங்குவார்சத்திரம்வரை சுற்றி வந்து வாளிகளைச் சேகரித்தால் வேலை முடிந்தது. அந்த லாரியின் வாடகையை ஸ்டிக்கர் வாங்கும் ஆலைகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும்.